கேட்டாகளா? என்ன சொன்னாக?

நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும் தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு, ராமநாதபுரம் தென்கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் கடல்பாசி எடுக்கிறவளின் மகள். மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அம்மா கடலுக்குப் போகிறாள், நான் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, தடைக்கால நிவாரணத்துக்கு வங்கிக் கணக்கு சரிபார்ப்பு, இதெல்லாம்தான் வேலை. ஆள் வராத மத்தியானங்களில் மக்களவை, மாநிலங்களவைத் தளங்களைத் திறந்து நீங்கள் கேட்ட கேள்விகளையும் அமைச்சர்கள் தந்த பதில்களையும் படிப்பேன். மற்றவர்கள் சீரியல் பார்க்கிறார்கள், எனக்கு இது.

அம்மா கரையேறி, உப்புத்தண்ணி சொட்டச் சொட்ட மையத்து வாசலில் நின்று கேட்பாள்.

"ஏத்தா, கேட்டாகளா?"

"கேட்டாகம்மா."

"என்ன சொன்னாக?"

முதல் கேள்விக்கு எப்போதும் என்னிடம் பதில் உண்டு. இரண்டாவதுக்குத்தான் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அம்மா விசாரிப்பது மீனவக் குடும்பங்களின் கரை உரிமைக்கான ஒரு சட்டத்தைப் பற்றி, அது எது என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் பழையவர்கள் மறந்திருப்பீர்கள், புதியவர்கள் காதில் விழுந்தே இருக்காது. 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காட்டில் தலைமுறையாக வாழ்கிறவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் இல்லை, அந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று நாடாளுமன்றமே எழுதிக் கொடுத்தது. காட்டுக்கு ஒரு நியாயம் என்றால் கரைக்கும் அதே நியாயம் வேண்டாமா? 2008இல் கடற்கரை மேலாண்மை மண்டலம் என்று ஒரு வரைவு அறிவிக்கை வந்தபோது நாடு முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். அதை ஆராய எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைத்த குழு 2009 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அந்த வரைவு காலாவதியாகிப் போகட்டும் என்றது. கூடவே, வன உரிமைச் சட்டத்தைப் போல மீனவக் குடும்பங்களுக்கும் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வரைவு காலாவதியானது. பாரம்பரியக் கடலோர மீனவர் உரிமைப் பாதுகாப்பு என்ற பெயரில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சட்ட வரைவு ஒன்றும் சுற்றுக்கு வந்தது. வந்த வரைவு வந்தபடியே நின்றுவிட்டது.

2011 ஜனவரியில், கரையில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் புதிய கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2019 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு இன்னொன்று வந்தது. சட்டம் மட்டும் வரவில்லை.

அறிவிக்கை போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறிவிக்கையை அமைச்சகம் எழுதும், அமைச்சகமே திருத்தும், அரசிதழில் ஒரு பக்கம் போட்டால் முடிந்தது. உங்கள் கையை உயர்த்த வேண்டிய தேவையே அதில் கிடையாது. 2019 அறிவிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில், கடலோர மேலாண்மைத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால், கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அந்த நூற்றைம்பது மீட்டரில்தான் நாங்கள் வல்லத்தை ஏற்றி வைக்கிறோம், வலை உலர்த்துகிறோம், பாசி காயப் போடுகிறோம். அது போய்விட்டால் எங்கள் தொழிலுக்குத் திண்ணை இல்லை.

எங்கள் ஊருக்கு மேற்கே அப்படி ஒரு மணல்வெளி இருந்தது. கரைவலை இழுத்து ஏற்றுகிற இடம். ஒருநாள் காலையில் அங்கே கல்தூண் நட்டு முள்கம்பி கட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

"எங்க பாட்டன் காலத்துலருந்து வலை இழுக்குற எடம்யா அது."

"பாட்டன் பேர்ல பட்டா இருக்கா?"

பேச்சு அதோடு முடிந்தது. கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மேசையில் இருக்கிற பதிவேட்டில் பட்டா இருக்கிறது, புறம்போக்கு இருக்கிறது. பாட்டன் வலை இழுத்த இடம் என்று ஒரு பத்தி அதில் இல்லை. அந்தப் பத்தியைச் சேர்க்கத்தான் சட்டம் கேட்கிறோம். இப்போது பெண்கள் ஈரப் பாசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வருகிறார்கள். ஈரமாக இருக்கும்போது பாசி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவளுக்குத்தான் தெரியும்.

தனுஷ்கோடியைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் அது வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு சொல்லிவிட்டது. ஆனால் குடிசை போட்டு மீன்பிடிக்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை போட்டார்கள். சுற்றுலாக்காரர் கார் நிறுத்த இடம் வந்துவிட்டது. குடிசைக்காரருக்கு மண் மேல் எழுத்து இல்லை. பாம்பனில் புது ரயில் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. அது நல்ல பாலம், குறை சொல்ல மாட்டேன். கடலுக்கு நடுவில் தூக்குப்பாலம் எழுப்புகிற அரசுக்குப் பத்துப் பதினைந்து பக்கத்தில் ஒரு மசோதா எழுதுவது அவ்வளவு பாரமா என்று மட்டும் கேட்கிறேன்.

கரை போகட்டும், தீவுகளுக்கு வருகிறேன். அம்மாவின் கதை அங்கேதான். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் தீவோரப் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில்தான் முளைக்கும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, கையால் பிடுங்கி இடுப்புப் பையில் போட வேண்டும். அம்மாவின் அம்மாவும் இதையே செய்தாள். 1986இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அன்றைக்கு முந்தைய நாள்வரை பாசி எடுத்தவள் மறுநாள் அத்துமீறி நுழைந்தவள் ஆனாள். முள்ளித் தீவு, வாலைத் தீவு, நல்லதண்ணித் தீவு என்றெல்லாம் பேர் வைத்தது யார் என்று வனத்துறைப் பதிவேட்டில் இருக்காது. நல்லதண்ணி எந்தத் தீவில் ஊறும் என்று தேடித் தெரிந்தவர்கள்தான் வைத்திருப்பார்கள்.

கடல் அழியக் கூடாது என்பதில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது என்று பெண்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். வேரோடு பறிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. எந்த அரசிதழிலும் வராத சட்டம் இது, ஆனாலும் நடக்கிறது.

உங்கள் அவையும் ஒருமுறை எங்களை நினைத்திருக்கிறது. 1991இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, கரைக்கடலைச் சரணாலயத்தில் சேர்த்தால் உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி போட்டார்கள். எனக்குத் தெரிந்த சட்ட வரிகளில் எங்களுக்காக எழுதிய மிக அழகான வரி அது. ஐந்து வருடம் முந்தி வந்திருந்தால் எங்களுக்கும் உதவியிருக்கும்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். நாங்கள் கேட்ட சட்டம் வரவில்லை, கேட்காத சட்டம் வாசல்வரை வந்தது. 2021 ஜூலை மழைக்காலக் கூட்டத்தொடருக்கான பட்டியலில் இந்தியக் கடல் மீன்வள மசோதா இருந்தது. உரிமம், கட்டணம், அபராதம், சிறை என்று படித்த ஊர்களெல்லாம் கொதித்தன. கரையெங்கும் கறுப்புக் கொடி. தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நீங்களும் பேசினீர்கள். மசோதா அறிமுகமாகவே இல்லை. எங்களுக்கு அது வெற்றிதான், நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் 2025 நவம்பரில், கரைக்கு அப்பாலுள்ள தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்கென்று புதிய விதிகள் அரசிதழில் வெளியாயின. விசைப்படகு அந்த மண்டலத்துக்குள் போக இணையத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். விதிகள் நல்லவையா கெட்டவையா என்பது வேறு பேச்சு. வெளிநாட்டுக் கப்பலுக்கு இடமில்லை என்று அதில் இருப்பதை நான் வரவேற்கிறேன். மசோதாவாக வந்தால் நீங்கள் மறிக்கலாம், திருத்தம் கொடுக்கலாம், வாக்கெடுப்புக் கேட்கலாம். விதியாக வந்தால் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் உங்கள் மேசைக்கே வருகிறது. அப்போதும் மாற்றக் கோரித் தீர்மானம் கொண்டுவர உங்களுக்கு உரிமை உண்டு. முன்வாசலில் நின்று தடுத்தீர்கள், கொல்லைவாசலில் ஆள் நிறுத்த மறந்துவிட்டீர்கள்.

வெளிநடப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அது பழைய தழும்பு. 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றி மக்களவையில் அறிக்கை வாசித்தார். அதற்கு முந்தைய மாதமே கையெழுத்து ஆகிவிட்டது. அவை கேட்டது முடிந்துபோன செய்தியை. அன்றைக்கு எங்கள் தொகுதி உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர் எதிர்த்துப் பேசினார், இரா. செழியன் எதிர்த்துப் பேசினார், எதிர்க்கட்சிகள் வெளியே நடந்தன. 1976இல் நெருக்கடி நிலை நடுவில், மீன்பிடிப்பு பற்றி இரு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன. அப்போது கேட்க வேண்டியவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள். மேற்கு வங்கத்தின் பேருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதற்கு 1960இல் அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. கச்சத்தீவுக்கு ஒரு மசோதாகூட வரவில்லை. மசோதா வந்திருந்தால் தீவு மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் யார் கை தூக்கினார்கள் என்பதாவது பதிவில் இருந்திருக்கும். அரை நூற்றாண்டாக எங்கள் ஊர்க் கூட்டங்களில் அந்த வெளிநடப்பைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நடந்தவர்களின் வருத்தம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் வெளியே நடந்தவர் திரும்ப உள்ளே வந்து என்ன கேட்டார் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

எனவே நீங்கள் கோஷம் போடுவதிலும் வெளியே வருவதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேரை இடைநீக்கம் செய்தார்கள். அது ஆளும் தரப்பின் அராஜகம் என்பதே என் எண்ணம், அவைக்குள் புகை கக்கியவர்கள் எப்படி நுழைந்தார்கள் என்றுதானே கேட்டீர்கள். ஆனால் இடைநீக்கம் ஆனவர்கள் பெயரில் இருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஒரு கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் வந்து, அச்சாகி, அப்புறம் அழிந்து போவது என்றால் வயிறு எரிகிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, அதாவது அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, இருபதுதான். அதிலும் வாய்மொழிப் பதில் வரை வருவது சில. இரைச்சல் நாளில் அதுவும் இல்லை.

கூடுகிற நாளோ குறைந்துகொண்டே வருகிறது. பதினேழாவது மக்களவை ஐந்து ஆண்டில் 274 நாள் கூடியது. வருடத்துக்கு ஐம்பத்தைந்து. இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். பாசி எடுக்காத மாதங்களைக் கழித்துவிட்டாலும் அவள் வருடத்துக்கு நூறு நாளுக்கு மேல் கடலில் இறங்குகிறாள். "அவுகளுக்கும் அமாவாசை பௌர்ணமி உண்டா?" என்றாள். கேலியாகக் கேட்டாளா நிஜமாகவே கேட்டாளா என்று இன்னும் தெரியவில்லை.

கைதாகும் மீனவர்கள் பற்றி நீங்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்கிறீர்கள். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கணவன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று தெரியாமல் நிற்கிறவளுக்கு அந்தப் பதிலில் வரும் எண்ணிக்கைகூட ஒரு பிடிமானம். (கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையால் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் இங்கே நாட்டுப்படகுக்காரருக்கும் ஒரே மாதிரி அடி விழுகிறது என்பதையும் யாராவது ஒருவர் அவையில் துணிந்து சொல்லலாம். ஓட்டுக் குறையும், தெரியும்.) ஆனால் கைது நடப்பது கடலில். கரை பறிபோவது தினமும் நடக்கிறது, அது தலைப்புச் செய்தியும் ஆவதில்லை.

கரையைப் பற்றிக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, படித்துப் படித்து நான் கண்டுகொண்டது. கரை சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். மீன் 2019இல் தனியாக வந்த மீன்வள அமைச்சகத்தின் கையில். தீவு வனத்துறையின் கையில். நிலம் மாநில வருவாய்த் துறையின் கையில். பன்னிரண்டு கடல் மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியல், அதற்கு அப்பால் மத்தியப் பட்டியல். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? ஆகவே பொதுவாக, "மீனவர் நலனுக்கு அரசு என்ன செய்கிறது" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் திட்டங்களின் பட்டியலும் கோடிகளும் அட்டவணை போட்டு வந்துவிடும். படகுக்கு மானியம், வலைக்கு மானியம், குளிர்பதனப் பெட்டிக்கு மானியம். சட்டத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

கேள்வி இப்படி இருக்கட்டும். 2009இல் சுவாமிநாதன் குழு பரிந்துரைத்த மீனவர் உரிமைச் சட்டத்தின் வரைவு இன்று எந்த நிலையில் இருக்கிறது, கைவிட்டாயிற்றா, கைவிட்டிருந்தால் எந்தத் தேதியில், யார் முடிவு? வரைவு பிறந்தது சுற்றுச்சூழல் அமைச்சகத்தில், அவர்களிடமே கேளுங்கள். அமைச்சகங்களுக்குப் பதில் சொல்லக் கிழமை முறை உண்டு, அதே வாரத்தில் மீன்வள அமைச்சரிடமும் இதே கேள்வியை இன்னொருவர் கேட்கட்டும். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது இடிக்கிறது என்று தெரிந்துவிடும். நட்சத்திரக் கேள்வியாக வந்தால் துணைக் கேள்விக்கு வாய்ப்பு உண்டு. அதைப் பாராட்டுரைக்கும் முன்னுரைக்கும் செலவழிக்காமல் தேதி மட்டும் கேளுங்கள்.

"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். வரட்டும். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். நாடாளுமன்ற வழக்கப்படி அது வெறும் சமாளிப்பு இல்லை, உறுதிமொழி. அமைச்சர் அவையில் அப்படிச் சொன்னால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். அதைக் கண்காணிப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு 1953இலிருந்து இருக்கிறது. "கவனிக்கிறேன்", "தகவல் திரட்டப்படுகிறது" என்பவையும் அந்தக் குழுவின் பட்டியலில் உறுதிமொழிகள்தான். பல சமயம் அமைச்சகமே குழுவுக்கு எழுதி, இதை விட்டுவிடுங்கள் என்று கேட்கும், குழுவும் விட்டுவிடும். யாரும் பின்னால் நின்று கேட்கவில்லை என்றால் விடத்தானே செய்யும். கேள்வி கேட்ட நாளில் காணொளி வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள், எங்களுக்கும் வருகிறது. மூன்று மாதம் கழித்து அந்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று ஒரு காணொளி இதுவரை எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் தனிநபர் மசோதாவுக்கு, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கு, நேரம் உண்டு. அது சட்டமாகாது என்பீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை 14, கடைசியாக 1970இல். சரிதான். ஆனால் திமுக உறுப்பினர் திருச்சி சிவா திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டினாரே. அதற்குப் பிறகு அரசு தானே ஒரு மசோதா எழுத வேண்டியதாயிற்று. அரசு எழுதியது எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதுதான் எனக்கு முக்கியம். மாநிலங்களவையில் கொண்டுவந்து அங்கேயே நிலுவையில் இருக்கும் மசோதா மக்களவை கலைந்தாலும் சாகாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வரைவு என்று ஒன்று வந்தால் தமிழில் வர வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படி ஏற முடியாது. எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் வரும் வரைவை இப்போது நான் வாசித்துச் சொல்கிறேன். நான் தப்பாகச் சொன்னால் ஊரே தப்பாகப் புரிந்துகொள்ளும். அந்தப் பொறுப்பு எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று, கசப்பானது. 2009இல் அந்த வரைவு சுற்றுக்கு வந்த காலத்தில் உங்களில் பல கட்சிகள் எதிர்க்கட்சி இல்லை, ஆட்சியில் பங்கு. அப்போது ஏன் முடிக்கவில்லை என்று இன்றைய அமைச்சர் திருப்பிக் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். அதற்குப் பயந்து நீங்கள் அந்த வரைவைப் பற்றி நேராகக் கேட்காமல் இருப்பதாகச் சந்தேகப்படுகிறேன். "ஆமாம், நாங்களும் செய்யவில்லை, இப்போது நீங்கள் செய்யுங்கள்" என்று சொல்லி உட்காருங்கள். பத்து நொடிதான் ஆகும்.

2024 தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரியின் நாற்பது இடத்தையும் ஒரே அணிக்குக் கொடுத்து அனுப்பினோம். நாற்பதில் ஒருவராவது இந்தக் கேள்விக்கு ஒரு எண் வாங்கித் தாருங்கள். கேள்வி எண்ணும் தேதியும் போதும். பதிலை நான் எடுத்து, தமிழில் எழுதி, மீன் ஏலம் போடும் கொட்டகைத் தூணில் ஒட்டிவிடுகிறேன். மூன்று மாதம் எண்ணுவதை அம்மா பார்த்துக்கொள்வாள், அவளுக்குப் பிறைக் கணக்கு தப்பாது.

நேரில் வந்து பேசுவதானால் வேலி போட்ட இடத்தையும் காட்டுகிறோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்து வாருங்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் பெண்கள் யாரும் கரையில் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பாசி எடுப்பவளின் மகள்,
தென்கடற்கரை, ராமநாதபுரம் மாவட்டம்